லண்டன் பூங்காக் குளங்கள்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

லண்டன் என்றதும் தேம்ஸ் நதி, பிக் பென், டவர் பிரிட்ஜ், இரட்டை மாடி சிவப்பு பஸ் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் அந்த ஊர்ப் பூங்காக்களின் ஏரி, குளங்களை யாரும் சேர்ப்பதே இல்லை. ஆனால் அந்தக் கரைகளில் எத்தனை கதைகள்! மண்ணுக்குள் புதைந்துபோன ஆறுகள், ராஜா வளர்த்த முதலைகள், கரண்டி எண்ணெயில் ஒளிந்திருந்த அணு அளவு ரகசியம், மூக்கில் கொம்பு முளைத்த டைனோசர்! எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்தக் குளங்களில் பெரும்பாலானவை இயற்கை தந்தவை இல்லை. மனிதர்கள் வெட்டியவை, அணை கட்டித் தேக்கியவை, கோர்ட்டு வரை போய்க் காப்பாற்றியவை. வாருங்கள், ஒவ்வொரு கரையாகப் போய்ப் பார்த்துவிடலாம்!

ஏரியைப் பெற்ற ஆறு, ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் ஓடுகிறது. தெரியுமா?

ஹைட் பார்க்கின் நடுவே வளைந்து நெளிந்து கிடக்கிறது செர்பென்டைன் ஏரி. பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து அங்கேயே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதற்குப் பிறந்த ஆண்டே உண்டு! 1730-ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலின் ராணி, வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றின் குறுக்கே அணை போடச் சொன்னார். தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. அந்தக் காலத்துத் தோட்டக் குளங்கள் எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். இயற்கை ஏரி போலவே வளைத்துக் கட்டிய முதல் சில ஏரிகளில் ஒன்று இது.

நகரம் பெருகியது, வெஸ்ட்போர்ன் சாக்கடையானது. 1834-ல் ஏரிக்கு அதன் தண்ணீர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு தேம்ஸ் நீர் வந்தது. இப்போது ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் வருகிறது. அப்படியானால் அந்த ஆறு எங்கே போனது? ஸ்லோன் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தண்டவாளத்தின் குறுக்கே தலைக்கு மேலே ஒரு பெரிய இரும்புக் குழாய் போகும். அதற்குள் ஓடுவதுதான் வெஸ்ட்போர்ன்! கீழே ரயில், மேலே ஆறு. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது!

மூன்று குளங்கள், மூன்று காணாமல் போன ஆறுகள். தெரியுமா?

வெஸ்ட்போர்ன் மட்டுமா? ரீஜென்ட்ஸ் பார்க் ஏரி, டைபர்ன் என்ற சிற்றாற்றைத் தடுத்துத் தேக்கியது. வடக்கே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் மேட்டில் படிப்படியாக இறங்கும் குளங்கள், ஃப்ளீட் ஆற்றின் தலைமடையில் உள்ளவை. இந்த ஆறுகள் இன்று தெருக்களுக்கு அடியில் குழாய்களில் ஓடுகின்றன.

ஃப்ளீட் ஆற்றின் குரலையாவது கேட்க ஆசையா? கிளெர்கன்வெல் பகுதியில் ரே ஸ்ட்ரீட்டில் ஒரு மதுக்கடைக்கு எதிரே, சாலையில் ஓர் இரும்புக் கம்பி மூடி இருக்கிறது. வண்டிச் சத்தம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துக் குனிந்து காது கொடுத்தால், கீழே தண்ணீர் சலசலவென்று ஓடுவது கேட்கும்! பல கிலோமீட்டர் தொலைவில் ஹீத் குளங்களில் தொடங்கிய அந்த ஆறு, அங்கிருந்து போய் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் தேம்ஸில் கலக்கிறது. பூங்காவில் தேங்கிய தண்ணீர் மட்டும் மிஞ்சியிராவிட்டால், இங்கே ஆறுகள் ஓடிய நினைவே லண்டனில் அற்றுப்போயிருக்கும்!

ராஜா வளர்த்த முதலைகள், ரஷ்யத் தூதர் தந்த கூழைக்கடாக்கள். தெரியுமா?

பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் ஒட்டகங்கள், முதலைகள், ஒரு யானைகூட இருந்தன! அவருடைய பேரன் இரண்டாம் சார்லஸ், நாடு கடந்து ஃபிரான்சில் வாழ்ந்தபோது அங்கிருந்த அரண்மனைத் தோட்டங்களைப் பார்த்து மயங்கியவர். திரும்பி வந்து அரியணை ஏறியதும், 775 மீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். 1820-களில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் அந்தக் கால்வாயை வளைத்து, இன்று நாம் பார்க்கும் ஏரியாக மாற்றினார்.

1664-ல் ரஷ்யத் தூதர் ஒருவர் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் கூழைக்கடாக்களைப் பரிசளித்தார். அன்றிலிருந்து 350 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பூங்காவோடு கூழைக்கடாக்கள் பிரியாத பந்தம்! கூந்தங்குளத்தில் நாம் பார்க்கும் கூழைக்கடாவுக்கு நெருங்கிய உறவு இவை. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் பறவைப் பராமரிப்பாளர் மீன் வாளியோடு வருவார். அவ்வளவு நேரம் பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த பறவைகள் சட்டென்று உயிர்பெறும். கீழ் அலகின் தோல்பை விரியும், மீன் உள்ளே விழும், தலை மேலே நிமிரும், கழுத்து வழியாக மீன் இறங்குவது வெளியே தெரியும்! 2006-ல் இங்கே ஒரு கூழைக்கடா ஒரு புறாவையே உயிரோடு விழுங்கியது. அந்தப் படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது.

இன்னொன்று. முதல் உலகப் போரின்போது இந்த ஏரித் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, ஏரிப் படுகையிலேயே அரசாங்க அலுவலகக் கட்டடங்களை எழுப்பினார்கள்! போர் முடிந்தபின் கட்டடங்கள் போயின, தண்ணீர் திரும்பி வந்தது. ஒருமுறை கட்டடம் ஏறிய நீர்நிலை மறுபடி நீர்நிலையாவது எவ்வளவு அரிது! இங்கே அது நடந்தது.

ஒரே நாளில் இரண்டு நீர்நிலைகளில் கோலாகலம், ஒன்றில் தீ! தெரியுமா?

1814 ஆகஸ்ட் 1. நெப்போலியனோடு அமைதி வந்துவிட்டது என்று லண்டன் கொண்டாடியது. செர்பென்டைன் ஏரியில் சின்னச் சின்னப் போர்க்கப்பல்களை விட்டு, கடற்போரையே நடத்திக் காட்டினார்கள். அதே நாளில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், நீரின் மேல் கட்டிய பாலத்தில் சீனப் பாணி கோபுரம் ஒன்று எழும்பி நின்றது. வாணவேடிக்கை தொடங்கியது. கோபுரத்தில் தீப்பற்றியது. மக்கள் கூட்டம் அதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்து ஆரவாரம் செய்ய, எரிந்த கோபுரம் சரிந்து தண்ணீரில் விழுந்தது!

கரண்டி எண்ணெய் அரை ஏக்கரை அடக்கியது. தெரியுமா?

இதுதான் இந்தத் தொகுப்பிலேயே என்னை மிகவும் வியக்க வைத்தது! மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் பல ஆண்டுகள் இருந்தார். 1757-ல் கப்பலில் வரும்போது, கூட வந்த இரண்டு கப்பல்களுக்குப் பின்னால் மட்டும் கடல் அலையில்லாமல் வழவழப்பாக இருப்பதைக் கவனித்தார். சமையல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்கான தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்றார் கப்பல் தலைவர். மற்றவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். ஃபிராங்க்ளின் மறக்கவில்லை.

பிறகு ஒருநாள், தென் லண்டனில் கிளாப்பம் காமன் திடலில் உள்ள குளத்தில் காற்று பலமாக அடித்து நீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. கையில் கொஞ்சம் எண்ணெயோடு போனார். முதலில் காற்று போய்ச் சேரும் கரையில் ஊற்றினார். காற்று அதை அப்படியே கரைக்குத் தள்ளிவிட்டது. சுற்றிக்கொண்டு காற்று புறப்படும் கரைக்குப் போய் ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றினார். எண்ணெய் விறுவிறுவென்று பரவியது. பரவிய இடமெல்லாம் நீர் அடங்கியது. ஏறக்குறைய அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடியாக மாறிவிட்டது! அதன்பின் வெளியூர் போகும்போதெல்லாம் தன் மூங்கில் கைத்தடியின் உள்கூட்டில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டே போனார். 1774-ல் இதை ராயல் சொசைட்டியின் இதழில் எழுதி வெளியிட்டார்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். தேக்கரண்டி எண்ணெய் 5 மில்லிலிட்டர் என்று வையுங்கள். அரை ஏக்கர் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு! கிட்டத்தட்ட ஒரே ஒரு மூலக்கூறின் உயரம் அது. ஃபிராங்க்ளின் அந்தக் கணக்கைப் போடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1890-ல் விஞ்ஞானி லார்டு ராலே எண்ணெய்ப் படலத்தை வைத்தே அந்த அளவைக் கண்டறிந்தார். மூலக்கூறு என்ற ஒன்று உண்டா என்று உலகம் சந்தேகப்பட்ட காலத்திலேயே, பொதுத் திடலில் இருந்த ஒரு குளம் அதன் அளவைச் சொல்லத் தயாராக இருந்திருக்கிறது!

ஓர் இலை, ஒரு கண்ணாடி மாளிகை, ஒரு டைனோசர் ஏரி. மூன்றுக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

தென் அமெரிக்காவின் ராட்சத அல்லி விக்டோரியா அமசோனிகா. 1849-ல் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக் கலைஞர் அதை இங்கிலாந்தில் முதலில் பூக்க வைத்தார். மிதக்கும் இலைமேல் தன் சின்ன மகள் ஆனியை நிற்க வைத்தார், இலை அசையவில்லை! திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் தடித்த நரம்புகள் நடுவிலிருந்து விரிந்து, குறுக்கு நரம்புகளோடு பின்னிக்கொண்டு பாரத்தைத் தாங்குகின்றன. அந்த அமைப்பு பாக்ஸ்டனின் மனதில் பதிந்தது. 1851-ல் ஹைட் பார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு அவர் கட்டிய பிரம்மாண்ட இரும்பு, கண்ணாடி மாளிகைதான் கிரிஸ்டல் பேலஸ். 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்!

காட்சி முடிந்ததும் மாளிகையைப் பிரித்து, தென் லண்டனில் சைடன்ஹாம் மேட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். அங்கே பூங்காவின் ஏரித் தீவுகளில் 1854-ல் நின்றவை உலகின் முதல் முழு அளவு டைனோசர் சிலைகள்! சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ், 1853 டிசம்பர் 31 இரவு, இகுவனோடான் சிலையின் அச்சுக்குள்ளேயே மேஜை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்தார்.

அந்த இகுவனோடானின் மூக்கைக் கவனியுங்கள். காண்டாமிருகம் போல ஒரு கொம்பு இருக்கும். கிடைத்த சில எலும்புகளை வைத்து அன்று அப்படித்தான் ஊகித்தார்கள். 1878-ல் பெல்ஜியத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் தெரிந்தது, அது கொம்பே இல்லை, கட்டைவிரல் நகம் என்று! சிலையை மாற்றவில்லை. அறிவியல் எப்படித் தட்டுத் தடுமாறி வளர்ந்தது என்பதை அந்த ஏரிக்கரையில் கண்ணாலேயே பார்க்கலாம். 1936-ல் மாளிகை தீயில் அழிந்தது. டைனோசர்கள் இன்னும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

177 ஆண்டுகள் கண்முன்னே இருந்தும் யாருக்கும் தெரியாத அல்லி. தெரியுமா?

அல்லிக் கதை அதோடு முடியவில்லை! கியூ தாவரவியல் தோட்டத்தில் 1852-ல் கட்டிய அல்லிக் கண்ணாடி வீடு இன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு வட்டக் குளம். கியூவின் உலர்தாவரத் தொகுப்பில் ஒரு ராட்சத அல்லியின் மாதிரி 177 ஆண்டுகளாக இருந்தது; எல்லோரும் அதைத் தெரிந்த இனம் என்றே நினைத்திருந்தார்கள். பொலிவியாவிலிருந்து வந்த விதைகளைக் கியூவில் முளைக்க வைத்து வளர்த்துப் பார்த்தபோதுதான் இது வேறு என்று புரிந்தது. 2022-ல் விக்டோரியா பொலிவியானா என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். இலை 3 மீட்டருக்கும் அதிக அகலம். உலகிலேயே மிகப் பெரிய அல்லி!

இந்த ராட்சத அல்லிகளின் பூ முதல் இரவில் வெள்ளையாக, மணமும் கதகதப்புமாக விரிந்து வண்டுகளை அழைக்கும். பிறகு இதழ்களை மூடி வண்டுகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மறுநாள் மாலை மறுபடி திறக்கும்போது பூ இளஞ்சிவப்பு. உடலெங்கும் மகரந்தத்தோடு வண்டுக்கு விடுதலை! ஒரே பூ, இரண்டு இரவு, இரண்டு நிறம்.

உறைந்த ஏரி உடைந்தது. அதனால்தான் இன்று ஆழம் குறைவு. தெரியுமா?

1867 ஜனவரி 15. ரீஜென்ட்ஸ் பார்க் ஏரி உறைந்து கிடந்தது. நூற்றுக்கணக்கானோர் பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பனித்தளம் உடைந்தது. ஏறக்குறைய 200 பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஏரி 12 அடி ஆழம். உடம்பிலோ கனமான குளிர்கால உடைகள். 40 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு ஏரிப் படுகையை மேடாக்கி, ஆழத்தைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். இன்று அதே ஏரியின் தீவு மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. அடுத்தமுறை அங்கே படகு விடும்போது அந்த 40 பேரை ஒரு நிமிடம் நினையுங்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் குளிர்நீரில் நீச்சல் போட்டி. தெரியுமா?

செர்பென்டைன் நீச்சல் கழகம் தொடங்கியது 1864-ல். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அதன் உறுப்பினர்கள் நடுக்கும் குளிரில் 100 கஜம் நீந்திப் போட்டியிடுகிறார்கள்! 1904-ல் வெற்றிக் கோப்பையைக் கொடுத்தவர் பீட்டர் பான் கதையை எழுதிய ஜே. எம். பாரி. கோப்பையின் பெயரே பீட்டர் பான் கோப்பை. 2012 ஒலிம்பிக்கில் டிரையத்லான் நீச்சலும் இதே ஏரியில்தான் நடந்தது!

ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் ஆண்களுக்கு ஒரு குளம், பெண்களுக்கு ஒரு குளம், இருவருக்கும் பொதுவாக ஒரு குளம். பெண்கள் குளம் 1925-லிருந்து இருக்கிறது. சுற்றிலும் மரங்கள், பச்சை நீர், பக்கத்திலேயே நீந்திப் போகும் வாத்துகள்! குளிர்கால அதிகாலையில் உயிர்காப்பாளர் இல்லாமலே, தங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்த அனுமதி வேண்டும் என்று ஹீத் நீச்சல்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2005-ல் வென்றும் காட்டினார்கள். குளத்தை நேசிப்பது என்றால் இப்படி அல்லவா நேசிக்க வேண்டும்!

ஏழை மக்கள் மனுப்போட்டு வாங்கிய பூங்கா. தெரியுமா?

அரச பூங்காக்கள் ராஜாக்கள் தந்தவை. கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க் மக்கள் கேட்டு வாங்கியது! நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் பகுதி மக்கள், 30,000 கையெழுத்தோடு விக்டோரியா ராணிக்கு மனு அனுப்பினார்கள். 1845-ல் பூங்கா திறந்தது. வீட்டில் குளிக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு அந்தப் பூங்கா ஏரிதான் குளியலறையாக இருந்தது. இன்று அங்கே படகு விடுகிறார்கள்.

மூச்சுவிடாமல் இன்னும் சில!

• புஷி பார்க் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாங்ஃபோர்ட் ஆறு, இயற்கை ஆறே இல்லை! முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் 19 கிலோமீட்டருக்கு வெட்டிய கால்வாய், இன்றும் ஓடுகிறது.

• இரண்டாம் உலகப் போரில் ரிச்மண்ட் பார்க்கின் பென் பாண்ட்ஸ் குளங்களை வடித்து மறைத்தார்கள். நிலவொளியில் மின்னும் நீர், குண்டுவீசும் விமானங்களுக்கு வழிகாட்டிவிடுமே!

• கென்சிங்டன் தோட்டத்தில் நீர்க்கரையோரம் நிற்கும் பீட்டர் பான் சிலையை 1912-ல் ஓர் இரவோடு இரவாக நிறுவினார்கள். மே மாதக் காலையில் வந்த குழந்தைகளுக்கு அது மாயத்தால் முளைத்ததுபோல இருக்க வேண்டும் என்பது பாரியின் ஆசை!

• அதே கரை மரங்களில் கீச்சிடும் பச்சைக்கிளிகள், நம் ஊர்த் தென்னை மரப் பொந்தில் குடியிருக்கும் அதே இனம்தான்! கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகி, லண்டன் குளிரையும் பழகிக்கொண்டன.

• வால்தம்ஸ்டோவில் 10 நீர்த்தேக்கங்கள் 2017-ல் பொதுமக்களுக்குத் திறந்தன. பறவை பார்க்கலாம், நடக்கலாம். அதே தண்ணீர்தான் லண்டன் வீடுகளுக்குக் குடிநீராகவும் போகிறது!

நாம் போடும் ரொட்டித் துண்டு என்ன செய்யும், தெரியுமா?

கடைசியாக ஒன்று, இதைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும். வாத்துக்கு ரொட்டி போடுவது அன்பால்தான். ஆனால் தின்று மிஞ்சியது நீரில் ஊறி அழுகும். அந்தச் சத்தும் பறவை எச்சமும் சேர்ந்து பாசியை வளர்க்கும். கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருகினால் தண்ணீரே நஞ்சாகும். அதனால்தான் பறவைகளுக்கு எதுவும் போடாதீர்கள் என்று அரச பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. நாயின் உடம்பில் தடவும் உண்ணி மருந்துகூட, நாய் குளத்தில் குதித்ததும் கரைந்து தட்டான் புழுக்களையும் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். குளம் வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதைக் காப்பது ஒவ்வொரு தலைமுறையின் வேலை.

லண்டனில் உங்கள் பிள்ளையோ உறவோ இருந்தால், அடுத்த பயணத்தில் ஒரு முழு நாளைக் குளங்களுக்கென்றே ஒதுக்குங்கள். கியூ தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. அரச பூங்காக்களுக்குள் நுழையக் காசே வேண்டாம். காலையில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத், இரண்டரைக்குச் செயின்ட் ஜேம்ஸ் கூழைக்கடாக்கள், மாலையில் செர்பென்டைன். ஒவ்வொரு கரையிலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதை இங்கே தேக்கியவர் யார்? இந்த இரண்டுக்கும் விடை தேடிப் புறப்பட்டால், ஒரு நகரத்தின் 400 ஆண்டு வரலாறு உங்கள் கைக்கு வந்துவிடும்!